வடக்குப் பாறை நத்தைகள்

கடலைப் பார்த்தாற்போல் நின்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். இருவரில் சீடருக்குத்தான் வயது அதிகம்.

சீடரின் பெயர் அரியநாயகம். ஒரு கல்லூரியில் தலை நரைக்கும்வரை விலங்கியல் நடத்தியவர். முனைவர் பட்டம் இல்லாமல் இனி ஒரு படிகூட மேலே போக முடியாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

குருவின் பெயர் ஹில்டா. பக்கத்து மீனவர் ஊரில் பிறந்தவர். சீடரைவிட ஐந்தாறு வயது இளையவர். வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் இவரைச் சார் என்பார். படிப்புக்கு மரியாதை கொடுத்து இவர் அவரை மேடம் என்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அரியநாயகத்துக்குத்தான் கும்பிடு போடுவார்கள். அவர் கூச்சத்தோடு மேடத்தைக் கைகாட்டுவார்.

அவர்கள் படித்தது நத்தையை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அலை அடிக்கும் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்ந்து பிழைக்கிற ஜீவன். விலை போகாது, கறிக்கும் ஆகாது. அதனாலேயே ஊரில் யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை, இந்த இரண்டு பேரைத் தவிர.

ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் படிக்கட்டு இறங்கும். இறங்கினால் தெற்குப் பாறை. அங்கிருந்து வடக்கே வெறும் மணல்வெளி, நடுவில் ஒரு சின்ன ஆறு கடலில் விழும் முகத்துவாரம், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மணல். அப்புறம் வடக்குப் பாறை. தெற்கே நத்தைகள் எல்லாம் கறுப்பு. வடக்கே பாதிக்கு மேல் முதுகில் வெள்ளைக் கோடு. ஒரே இனம்தான். ஆனால் உள்ளே மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், ஓட்டின் நிறத்தைக் காட்டிலும் பெரிய வித்தியாசம் இருந்தது.

அதை முதலில் கண்டு சொன்னவர் ஹில்டா. மிகவும் இளவயதில். ஆய்வுக்கூடச் சுவரில் கடற்கரைப் படம் ஒன்று தொங்கியது. அதில் ஆற்று முகத்துவாரத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. ஹில்டாவின் பெயரை நாலு பேருக்குத் தெரிய வைத்தது அந்தக் கோடுதான்.

வந்த புதிதில் அரியநாயகம் கேட்டார்.

"இவ்வளவு கிட்டத்துல இருக்கு. ஏன் மேடம் ரெண்டும் கலக்கவே இல்லை?"

ஹில்டா செருப்பைக் கழற்றி வைத்தார்.

"நீங்களும் கழட்டுங்க சார். வடக்குப் பாறைக்குப் போய்ட்டு வருவோம்."

"ஜீப் நிக்குதே மேடம்."

"நடந்தே போவோம்."

உச்சி வெயில். மணல், கடலை வறுக்கிற சட்டியாகக் கிடந்தது. பாதி தூரத்தில் அரியநாயகம் குதிகாலால் நடந்தார், பிறகு விரல் நுனியால் நடந்தார், கடைசியில் மானத்தை விட்டு ஓடினார். முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் கணுக்கால் அளவு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஹில்டா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கொடுத்தார்.

"உப்பு இருக்கா?"

"இல்லை மேடம். நல்ல தண்ணி."

"நத்தைக்கு ஆகாது."

மறுபடியும் மணல். வடக்குப் பாறையின் நிழலில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்தார் அரியநாயகம். சிவந்து போயிருந்தது.

"நீங்க வந்துட்டீங்க சார்," என்றார் ஹில்டா. "அது வராது."

"குஞ்சுகள்? கடல்ல மிதந்து வரலாமே? மத்த நத்தைகளோடது வருதே."

"இதோட குஞ்சு மிதக்காது. பாறை இடுக்குல முட்டையை விட்டு வெளிய வந்ததும் அங்கேயே ஊர ஆரம்பிச்சுடும். பொறந்த இடுக்கிலேருந்து ரெண்டு முழம் தள்ளிப் போய்ச் சாகும்."

"எவ்வளவு காலமா இப்படி?"

"மணல் வந்ததிலேருந்து."

அரியநாயகம் அந்தப் பதிலை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற பதிலாக மாற்ற முயன்றார். முடியவில்லை. திரும்பும்போது ஜீப்பை வரவழைத்தார்கள்.

வேலை இப்படித்தான் நடக்கும். பாறையிலிருந்து நத்தைகளை வாளியில் எடுத்து வருவார்கள். ஒவ்வொன்றின் பாதத்து ஓரத்திலும் கடுகளவு சதையை நறுக்கி எடுத்துக்கொள்வார்கள். மரபணுவுக்கு அது போதும். நத்தை சாகாது, புண் ஆறிவிடும். மறுநாள் எடுத்த பாறைக்கே கொண்டுபோய்த் திரும்ப விட வேண்டும். அது ஹில்டாவின் ஆய்வுக்கூடத்து வழக்கம். மற்ற ஊர்களில் முழு நத்தையையும் சாராயத்தில் போட்டுவிடுவார்கள். அரியநாயகம் சைவக் குடும்பம். இந்த வழக்கத்தைக் கேட்டபோதுதான் அவருக்கு இந்த இடமே பிடித்தது.

முதல் தடவை திரும்ப விடப் போனபோது, வாளியைப் பாறைமேல் சாய்க்கப் போனார்.

"சார்," என்றார் ஹில்டா.

அவர் ஒரே ஒரு நத்தையை எடுத்துப் பாறைமேல் மல்லாக்கப் போட்டார். தள்ளி நின்றார். அரியநாயகமும் நின்றார். நத்தை சதையை நீட்டி எதையாவது பிடிக்கப் பார்த்தது. பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அலை வந்தது. போனபோது நத்தை இல்லை. கீழே பள்ளத்தில் ஒரு நண்டு அவசரமாக எதையோ இழுத்துக்கொண்டு போனது.

ஹில்டா இன்னொரு நத்தையை எடுத்தார். ஈரமான இடுக்காகப் பார்த்து, ஓட்டின் வாய் கீழே இருக்கும்படி வைத்து, முதுகில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஓர் அலை வந்து அவர் சேலையை நனைத்துவிட்டுப் போனது. விரலை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் மேடம் வச்சிருக்கணும்?"

"அது பிடிச்சுக்கிட்டது உங்க விரலுக்குத் தெரியுறவரைக்கும்."

அன்றிலிருந்து அரியநாயகம் அப்படித்தான் செய்தார். வாளி காலியாக ஒரு பொழுது ஆகும், முதுகு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு நத்தையும் பாறையைப் பற்றும்போது விரல் நுனியில் ஒரு சின்ன இழுப்பு தெரியும். அந்த இழுப்புக்காகவே அவர் அந்த வேலையை விரும்பினார். ஊரில் மனைவிக்குப் போனில் சொன்னார். "குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அந்த அம்மாள், "சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் அது நடந்தது.

வடக்குப் பாறையிலிருந்து ஒரு வாளி நத்தை எடுத்து வந்திருந்தார். சதை நறுக்கும் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை கொண்டுபோய் விட வேண்டும். ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. ஹில்டா வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். காலையில் மின்சாரம் இல்லை. வாளிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் நின்று போயிருந்தது.

அரியநாயகம் ஜீப் ஓட்டுகிற மிக்கேலிடம் போனார்.

"வடக்குப் பாறைக்குப் போகணும் மிக்கேல்."

"ஆத்துல வெள்ளம் போவுது சார். வண்டி இறங்காது."

"நடந்து?"

"நடந்தா நீங்க கடலுக்குப் போயிருவீங்க சார். நத்தை இங்கனயே இருக்கும்."

மத்தியானம் வரை பார்த்தார். நத்தைகள் வாளியின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சில பிடி விட்டுக் கீழே விழுந்து சதை தளர்ந்து கிடந்தன. அவர் எறும்புச் சாரி வந்தால் தாண்டிப் போகிற ஆள். தான் எடுத்து வந்த உயிர்கள் தன் கண்ணெதிரே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சாவதை அவரால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மழை சற்று விட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படிக்கட்டில் இறங்கினார்.

எடுத்த பாறைக்கே என்ற வழக்கம் அவருக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அது ஆபத்தில்லாத நாளுக்கு உண்டான ஒழுங்கு என்று அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. எல்லாம் ஒரே கடல்தானே என்று வாளியைப் பார்த்துச் சொன்னார். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஈரமான இடுக்குகளாகத் தேடி, ஒவ்வொன்றாக, வாய் கீழே இருக்கும்படி வைத்தார். தளர்ந்து போனவற்றுக்குக் கூடுதலாகக் காத்திருந்தார். அலை முழங்கால்வரை அடித்தது. மழை மறுபடி வந்தது. கடைசி நத்தை விரலை இழுத்துப் பிடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அன்று நன்றாகத் தூங்கினார்.

ஹில்டா ஊரிலிருந்து வந்ததும் கேட்டார்.

"நத்தையெல்லாம் விட்டாச்சா சார்?"

"விட்டாச்சு மேடம். எல்லாம் உயிரோட."

"நல்லது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அரியநாயகம் நல்ல மனிதர். செய்த உபகாரத்தை நினைவில் வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொஞ்ச நாளில் அந்த வாளியை மறந்தே போனார்.

மூன்றாவது வருஷம், விடுப்பு முடிய இருந்த சமயத்தில், தெற்குப் பாறையில் அங்கங்கே வெள்ளைக் கோடு தட்டுப்படவே, அங்கே நத்தைகளை மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தார். மரபணுவைப் படித்துச் சொல்லும் இயந்திரத்திலிருந்து விவரம் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரும்ப உட்கார்ந்து இன்னொரு தடவை சரிபார்த்தார். இயந்திரம் பொய் சொல்லவில்லை. வடக்குப் பாறையில் மட்டுமே இருந்த அடையாளங்கள் தெற்குப் பாறையில் இருந்தன. ஒன்றிரண்டில் இல்லை, நிறைய நத்தைகளில். கோடு போட்டதில் மட்டும் இல்லை. முழுக் கறுப்பில்கூட மூன்றில் ஒன்று வடக்கைச் சுமந்துகொண்டிருந்தது.

நத்தை மணலைத் தாண்டியிருக்கிறது. ஆற்றைத் தாண்டியிருக்கிறது.

மேடம் சொன்னது தப்பு.

மனைவிக்குப் போன் செய்தார். "பட்டம் கிடைச்ச மாதிரிதான். மேடத்தோட ஆராய்ச்சியையே மாத்தி எழுதுற மாதிரி ஒண்ணு கிடைச்சிருக்கு."

"பாவம். அவங்க என்ன சொன்னாங்க?"

"இனிமேதான் சொல்லணும்."

சொல்வதற்கு முன் முகம் கழுவிக்கொண்டார். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தார். தெரிந்தது.

ஹில்டா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கடற்கரைப் படத்தைக் கழற்றினார். சுருட்டினார். படம் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"மேடம், அதை எதுக்கு..."

"தப்பான படத்தை எதுக்கு சார் மாட்டி வைக்கணும்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அரியநாயகத்தை என்னவோ செய்தது.

"நாளைக்குக் காலையில ரயில் இருக்கு," என்றார் ஹில்டா. "கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. அங்கேயே சொல்லிடறேன். நான் சொன்னது தப்புன்னு நான் சொன்னாத்தான் மரியாதை. உங்க பேரையும் சொல்றேன்."

"அவ்வளவு அவசரம் வேண்டாமே மேடம்."

"எனக்கு அவசரம்தான் சார். இத்தனை வருஷம் தப்பைச் சொல்லிக் குடுத்திருக்கேன்." அப்புறம் கேட்டார். "எப்படி வந்திருக்கும்?"

"வெள்ளத்துல மரக்கட்டை அடிச்சுட்டு வரும்ல? அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்."

"இருக்கலாம். பாறையில எந்தப் பக்கம் அதிகமா இருக்கு?"

அரியநாயகம் ஒரு தாளில் பாறையை வரைந்து காட்டினார். "இந்தப் பக்கம்தான் கூட்டமா இருக்கு. தள்ளிப் போகப் போகக் குறையுது."

"இது நம்ம படிக்கட்டு."

"ஆமா மேடம்."

ஹில்டா ஜன்னல் வழியாகப் படிக்கட்டைப் பார்த்தார்.

"ஏன் படிக்கட்டுப் பக்கம்னு யோசிச்சு வைங்க சார். அங்க என்னைக் கேப்பாங்க," என்றார்.

சாயங்காலம் அரியநாயகம் அதை யோசிக்கத்தான் படிக்கட்டில் இறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். தூறல் விழுந்தது. எதிரில் இடுக்கில் ஒரு நத்தை, முதுகில் மங்கலான கோடு. சும்மா அதை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார், வாய் கீழே இருக்கும்படி. முதுகில் விரலை வைத்துக் காத்திருந்தார். நத்தை பாறையைப் பற்றியது. விரல் நுனியில் அந்தச் சின்ன இழுப்பு தெரிந்தது.

அப்போது வாளி நினைவுக்கு வந்தது.

விரலை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. எந்தக் கட்டையும் மிதந்து வரவில்லை. எந்த நத்தையும் ஆற்றைத் தாண்டவில்லை. அவர்தான் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

அவருக்குள் ஒரு வக்கீல் இருந்தான். எல்லோருக்குள்ளும் இருக்கிறவன்தான். வெள்ளத்தில் கட்டை வருவது உண்மைதானே என்றான். மிக்கேல் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டான், யாருக்குத் தெரியும் என்றான். விடுப்பு முடிகிறது, இனி ஒரு வருஷம் யார் தருவார்கள் என்றான். ஐம்பது வயதில் வெறுங்கையோடு திரும்பிப் போய், தன்னிடம் படித்த பிள்ளைகளுக்குக் கீழே உட்காரப் போகிறாயா என்றும் கேட்டான். எல்லாக் கேள்விக்கும் அரியநாயகம் தலையை ஆட்டினார். சாப்பிடப் போகவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். சுவரில் வெளுத்திருந்த அந்த இடம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட்டது.

விடிந்ததும் ரயிலடிக்கு ஓடினார்.

சின்ன ஸ்டேஷன். ஹில்டா வேப்பமரத்தடிப் பெஞ்சில் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரியநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், அது நான்தான்."

ஹில்டா பையை நகர்த்தி இடம் விட்டார். அரியநாயகம் உட்காரவில்லை. நின்றபடியே மழை, மோட்டார், வாளி, படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது ரயில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். ரயில் போய்விட்டது. ஹில்டா பெஞ்சை விட்டு எழவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"படிக்கட்டுன்னு சொன்னப்ப தோணுச்சு."

"அப்பறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேக்க வேண்டிய அன்னைக்கே கேக்கல சார். விட்டாச்சான்னு கேட்டேன். எங்க விட்டீங்கன்னு கேக்கல. நேத்து கேட்டு என்ன ஆகப்போகுது?"

"தெரிஞ்சும் ஏன் ரயிலுக்கு வந்தீங்க?"

"நீங்க வந்து சொல்றதுக்கு ஒரு இடம் வேணுமே சார்."

அரியநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஹில்டா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்பையை மாட்டிக்கொண்டு, "வத்தம் எப்ப?" என்று கேட்டார். கடல் பின்வாங்குகிற நேரத்தை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள்.

"பத்து மணிக்கு மேல மேடம்."

"வாங்க போவோம்."

கடல் உள்வாங்கிப் பாறை முழுவதும் வெளியே தெரிந்தது. அரியநாயகம் அதே வாளியை எடுத்து வந்திருந்தார். வழியெல்லாம் மனதில் ஒரு திட்டம் போட்டிருந்தார்.

"எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துடறேன் மேடம். வடக்கே கொண்டு போய் விட்டுடறேன். ஒரு மாசம் ஆனாலும் சரி. சுத்தமாக்கிடலாம்."

"பொறுக்குங்க சார்."

அவர் முழங்காலிட்டுப் பொறுக்கினார். வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தவற்றை முதலில் எடுத்தார். அது சுலபமாக இருந்தது. பிறகு மங்கலான கோடு. அதற்கு ஒவ்வொன்றையும் வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. வாளியின் அடி மறைந்தது. ஹில்டா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் குனிந்து, கறுப்பாக ஒரு நத்தையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது?"

"இது தெற்கு மேடம்."

"எப்படித் தெரியும்?"

"கோடு இல்லை."

"கோடு இல்லாததுல எத்தனை வடக்குன்னு எழுதியிருந்தீங்க?"

அரியநாயகத்தின் கை அப்படியே நின்றது. மூன்றில் ஒன்று. அவரே கண்டுபிடித்தது. நேற்று முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னது.

"இதோட அப்பன் வடக்கா இருக்கலாம்," என்றார் ஹில்டா. "ஆத்தா தெற்கா இருக்கலாம். இது இந்தப் பாறையில பொறந்தது. இதை எங்க கொண்டுபோய் விடுவீங்க சார்?"

நத்தை உள்ளங்கையில் சதையை நீட்டி ஊர ஆரம்பித்தது. அரியநாயகம் வாளியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பாறையெங்கும் நத்தைகள். எது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. இனி எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

"அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதானே மேடம்? அது தாண்டாதுன்னு சொன்னது. படத்தை மறுபடி மாட்டிடலாமே."

"சரியாத்தான் இருந்திருக்கும்." ஹில்டா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஈரப் பாறையில் உட்கார்ந்தார். "ஆனா காட்டுறதுக்கு இனிமே தெற்குப் பாறை இல்லையே."

பாறை எதிரில்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹில்டாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அரியநாயகத்துக்கு அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியிருக்கிறார். அது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

"என் ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

"எழுதுங்க."

"என்னன்னு மேடம் எழுதுறது?"

"வாளியிலேருந்து ஆரம்பிங்க."

"பட்டம் குடுக்க மாட்டாங்க."

"குடுக்காம இருக்கலாம்."

அரியநாயகம் வாளியிலிருந்த நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாறையில் திரும்ப வைக்க ஆரம்பித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வைத்துக்கொண்டே போனார். கை தானாக ஈரமான இடுக்கைத் தேடியது, ஓட்டைத் திருப்பியது, காத்திருந்தது. கடல் மெல்ல ஏற ஆரம்பித்தது. பாதி வாளி காலியானபோது தலையைத் தூக்காமலே பேசினார்.

"அன்னைக்கு இதே இடத்துல வாளியை அப்படியே கவுத்துட்டுப் போயிருந்தா, நண்டு தின்னுருக்கும். அலை அடிச்சுட்டுப் போயிருக்கும். உங்க பாறை உங்க பாறையாவே இருந்திருக்கும். நான் இரக்கப்பட்டுத்தானே மேடம் செஞ்சேன். அதுல என்ன தப்பு?"

ஹில்டா அருகே இடுக்கில் எள்ளளவு குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சிலவற்றின் முதுகில் வெள்ளையாக ஒரு நூல் ஓடியது. அவற்றின்மேல் நிழல் விழாதபடி அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"எப்படி வச்சீங்க சார் அன்னைக்கு?"

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான். ஒவ்வொண்ணா. வாய் கீழே இருக்கிற மாதிரி. பிடிச்சுக்கிட்டது தெரிஞ்சப்பறம்தான் விரலை எடுத்தேன்."

"நல்லா வச்சிருக்கீங்க சார்," என்றார் ஹில்டா. "ஒண்ணுகூடச் சாகல."